தொட்டிக்குள் வந்த நட்சத்திர மீன்

வீட்டில் உவர்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்ப்போர், என்றேனும் ஒருநாள் கண்ணாடியின்மேல் அரையங்குலமும் இல்லாத வெளிறிய நட்சத்திர மீன்கள் ஊர்வதைக் கண்டு திகைப்பதுண்டு. அவற்றை விலை கொடுத்து வாங்கினார் எவருமிலர். பாறைத்துண்டில் ஒட்டிக்கொண்டு வந்தவை. ஆஸ்டெரினா என்று வழங்கும் இவை, உடல் தானே பிளந்து பெருகும் இயல்பின. ஆதலின் கத்தியால் துண்டாக்குவது பகைவனுக்குப் படை சேர்ப்பது போலாகும்.

எனினும் நேயர்களே, இவை யாவும் கொள்ளையர் அல்ல. பெரும்பாலானவை பாசியை மேய்ந்து பிழைப்பவை. சில மட்டுமே பவளத்தை, அதிலும் பொத்தான் பவளத்தை, தின்கின்றன. வயிற்றையே வாய்வழியாக வெளியே நீட்டி, இரையின்மீது போர்த்திச் செரிக்கும் விந்தை இவ்வினத்திற்கு உண்டு. விளக்கை அணைத்து இரண்டு மணி கழித்துக் கைவிளக்குடன் பாருங்கள். பவளத்தின்மேல் நிற்பது கொண்டே குற்றம் சாட்டலாகாது. அது நின்ற இடத்தில் தசை கரைந்திருப்பின் ஐயமில்லை. இடுக்கியால் எடுத்துவிடுங்கள், இரவுதோறும் எடுக்க வேண்டியிருக்கும். தாமிர மருந்து கூடவே கூடாது. பவளமும் இறாலும் சேர்ந்து மடியும்.

ஹார்லெக்வின் இறால் என்றொன்று உண்டு. நட்சத்திர மீனே அதன் உணவு. சின்னாட்களில் தொட்டியைத் துடைத்துவிடும். அப்பால் அது எதைத் தின்னும்? பட்டினியினின்று அதைக் காக்க, நட்சத்திர மீனையே காசு கொடுத்து வாங்க நேரும்! ஆதலின் இறாலை வாங்குமுன்னரே, இதே தொல்லையால் வருந்தும் நண்பர் ஒருவரைத் தேடி வையுங்கள். வேலை முடிந்ததும் அவர் தொட்டிக்கு அதை அனுப்பலாம்.