தாமதம் எங்கே நடக்கிறது?

மந்தாரக்குப்பத்தில் இருக்கும் ஒரு தாய், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு மூன்று எம்.பி. அளவுள்ள படம் ஒன்றை அனுப்புகிறார். படம் முழுசாகப் போவதில்லை. சுமார் 1,500 பைட் கொண்ட பாக்கெட்டுகளாக உடைகிறது. மொத்தம் இரண்டாயிரத்துக்கும் மேல்.

தூரம்தான் தாமதத்துக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைக்கும் ஒரு கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்தக் கடலைத் தாண்ட 16 மில்லிநொடி போதும். கண் இமைப்பதற்குள் போய்த் திரும்பிவிடலாம்.

காத்திருப்பு வழியில்தான். நெய்வேலிச் சுரங்கத்தில் பல கன்வேயர் பெல்ட்டுகள் ஒரே பெல்ட்டில் நிலக்கரியைக் கொட்டினால் என்ன ஆகும்? தாங்கும் வரை தாங்கும், பிறகு சிந்தும். வழியில் பாக்கெட்டுகளை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் ரூட்டரும் அப்படியே. வரிசை நீள நீளத் தாமதம் கூடுகிறது. நினைவகம் நிரம்பியதும் வரும் பாக்கெட்டுகள் கைவிடப்படுகின்றன.

அப்படியிருந்தும் படம் பிசகாமல் போய்ச் சேர்கிறதே! அது டி.சி.பி. என்ற நெறிமுறையின் வேலை. அதற்கு அடித்தளமிட்ட கட்டுரையை விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-ல் வெளியிட்டார்கள். அனுப்பும் தரவுக்கு வரிசை எண் உண்டு. வந்து சேர்ந்ததற்கு மறுமுனை ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வராவிட்டால் மீண்டும் அனுப்பப்படும். ஒன்றே இரண்டு முறை வந்தால், எண்ணைப் பார்த்து ஒன்று தள்ளப்படும். பாதையை நம்பாமல், இரு முனைகளும் பொறுப்பேற்கும் ஏற்பாடு இது. மிக அருமையான யோசனை.

ஆனால் எல்லாரும் விடாமல் மறுபடி அனுப்பினால்? 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில் அதுதான் நடந்தது. நானூறு கஜ தூரமே உள்ள இரு இடங்களுக்கிடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசல் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, பிறகு மெல்லக் கூட்டும் முறையை வான் ஜேக்கப்சன் 1988-ல் விளக்கி எழுதினார். இன்றைய இணையம் மூச்சுத் திணறாமல் ஓடுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

ஒன்றை மட்டும் டி.சி.பி. கவனிக்காது. பணம் அனுப்பும்போது திரையில் சக்கரம் சுற்றுகிறதென்று மறுபடி அனுப்பினால், அது பழைய பாக்கெட்டின் நகல் அல்ல, புதிய கட்டளை. ஆகவே நேயர்களே, கணக்கில் பணம் கழிந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்த முறை அழுத்துங்கள்.