கேட்காத இன்ஷூரன்ஸுக்குக் கட்டிக்கொண்டிருக்கும் பணம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில், மக்ரிபுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி உதவி, மருத்துவ உதவி, குமர் காரியம் என்று இந்த மேடையில் பேசுவது வழக்கம். இன்று பேச வந்திருப்பது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பேங்க் பாஸ்புக்கைப் பற்றி.

உதவித்தொகை விண்ணப்பங்களோடு வரும் பாஸ்புக் நகல்களை நம் குழுவினர் பார்ப்பதுண்டு. பெயரும் கணக்கு எண்ணும் சரியா என்று பார்க்கத்தான் கேட்கிறோம். ஆனால் நடுவில் சில வரிகள் கண்ணில் படுகின்றன. 20 ரூபாய், 436 ரூபாய், சில கணக்குகளில் வருடத்துக்கு ஒருமுறை ஆயிரத்துச் சொச்சம். இது என்ன என்று கேட்டால், "பேங்க் சார்ஜ் போல" என்கிறார்கள். பேங்க் சார்ஜ் இல்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

ஒரு சகோதரியின் கணக்கைச் சொல்கிறோம். பெயரும் வேண்டாம், பேங்கின் பெயரும் வேண்டாம். மாப்பிள்ளை சபரில் இருக்கிறார். மாதாமாதம் பணம் வருகிறது, எடுக்கிறார், செலவு செய்கிறார். என்ட்ரி போட்டுப் பார்த்தபோது மூன்று வருடமாக, ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில், வீட்டு இன்ஷூரன்ஸ் என்று பணம் போயிருக்கிறது. பாலிசி பத்திரம் என்று ஒன்று வீட்டுக்கு வந்ததே இல்லை. பேங்கில் கேட்டு வாங்கிய நகலில் இருந்த விலாசம், அவர்கள் இரண்டு வருடத்துக்கு முன்பே காலி செய்துவிட்ட வாடகை வீடு! இன்ஷூர் செய்திருப்பது கட்டடத்தை. அந்தக் கட்டடம் என்றைக்குமே அவர்களுடையது அல்ல.

இது ஏன் முக்கியம் என்றால், இன்ஷூரன்ஸ் சட்டத்தில் ஒரு அடிப்படை உண்டு. எந்தப் பொருள் அழிந்தால் உனக்கு நஷ்டமோ, அந்தப் பொருளைத்தான் நீ இன்ஷூர் செய்ய முடியும். வாடகைக்கு இருப்பவர் தன் பீரோவையும் ஃப்ரிட்ஜையும் இன்ஷூர் செய்யலாம், வீட்டுக்காரரின் சுவரைச் செய்ய முடியாது. ஆக, நாளை புயலில் அந்த வீடு இடிந்தாலும் இவருக்கு ஒரு காசு கிடைத்திராது. மூன்று வருடம் கட்டியது ஒன்றுமில்லாததற்கு.

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கலும் வருகிறது. வீட்டைப் பெண் பிள்ளை பெயருக்கு எழுதி வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். கணக்கோ மாப்பிள்ளை பெயரில். பேங்கில் போடும் பாலிசி கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் விழுந்துவிடுகிறது. வேண்டித்தான் எடுத்தீர்கள் என்றாலும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் பாலிசியில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். க்ளெய்ம் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். அப்போது யாரும் நமக்காக வாதாட மாட்டார்கள்.

அடுத்தது வீட்டுக் கடன். வட்டியைப் பற்றி மார்க்கம் சொல்வது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதைப் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் கடனில் இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பணமும் பணம்தான். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் இருபது முப்பது தாள்களை நீட்டுகிறார்கள். அதில் ஒன்று இன்ஷூரன்ஸ் விண்ணப்பம். "இது கம்பல்சரி" என்று சொல்லி வாங்கிவிடுகிறார்கள். பிரீமியத்தைக் கையில் கேட்பதில்லை, கடனோடு சேர்த்துவிடுகிறார்கள். வலியே தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 ஆயிரம் ரூபாய் பிரீமியத்தைக் கடனில் சேர்த்து, 9 சதவீத வட்டியில் 15 வருடம் கட்டினால், மாதம் 608 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மொத்தம் 1 லட்சத்து 9 ஆயிரத்தைத் தாண்டும்.

கம்பல்சரியா? ஈடாக வைத்த கட்டடத்தை இன்ஷூர் செய்து வைக்க வேண்டும் என்று பேங்க் கடன் ஒப்பந்தத்தில் நிபந்தனை போடலாம். ஆனால் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது நம் விருப்பம். குறிப்பிட்ட கம்பெனியின் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவரின் உயிருக்குப் போடும் இன்ஷூரன்ஸ் எந்தச் சட்டத்திலும் கட்டாயம் இல்லை. பேங்குகள் இப்படித் தவறாக விற்பதைப் பற்றி 2024 நவம்பரில் மத்திய நிதியமைச்சரே வெளிப்படையாக எச்சரித்தார். நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

இங்கிலாந்தில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. கடனோடு 'பேமெண்ட் புரொடெக்‌ஷன் இன்ஷூரன்ஸ்' என்று ஒன்றைச் சேர்த்து விற்றார்கள். க்ளெய்ம் செய்யவே தகுதியில்லாத ஆட்களிடமும் விற்றார்கள். கடைசியில் 3,800 கோடி பவுண்டுக்கு மேல் பேங்குகள் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. புகார் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. அதற்குள் கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

இப்போது 436 ரூபாய்க்கும் 20 ரூபாய்க்கும் வருவோம். இவை 2015 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் திட்டங்கள். 436 என்பது ஜீவன் ஜோதி, உயிருக்கு. 18 முதல் 50 வயது வரை சேரலாம், 55 வரை தொடரலாம். 20 ரூபாய் என்பது சுரக்ஷா, விபத்துக்கு. 70 வயது வரை. முதலில் 330 ரூபாயும் 12 ரூபாயுமாக இருந்தன, 2022 ஜூன் 1 முதல் கூடின. இரண்டிலும் 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடம், மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துவிடுவார்கள். நம் சம்மதம் இருந்தால்தான் பிடிக்க வேண்டும். ஜன்தன் கணக்கு திறக்கும்போது கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கியிருப்பார்கள், பலருக்கு நினைவே இல்லை.

இதில் நாங்கள் பார்த்த இன்னொரு விஷயம், இரண்டு பேங்கில் கணக்கு வைத்திருப்பவருக்கு இரண்டிலும் பிடித்திருப்பது. இரண்டு முறை கட்டினால் நான்கு லட்சம் வருமா? வராது. ஒருவருக்கு ஒரு கணக்கில் மட்டும்தான் பாதுகாப்பு. இரண்டாவதாகக் கட்டிய பிரீமியம் போனது போனதுதான் என்று திட்டத்தின் விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை பேங்கில் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு மௌத் நடந்தால், கூடவே அந்தப் பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள். 436 பிடித்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு 2 லட்சம் கேட்கும் உரிமை இருக்கிறது. இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு இது தெரியாது, பேங்க் தானாக வந்து சொல்லாது.

வீட்டு இன்ஷூரன்ஸும் அப்படித்தான். கடலை ஒட்டி இருக்கிறோம். 2004 டிசம்பர் 26ஐ யாரும் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா என்ன செய்தது என்பதும் தெரியும். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளிலும் இருக்கிறது. தீ, புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் அதில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் சேரும். நகை தானாகச் சேராது. வேண்டும் என்று யோசித்து எடுப்பது வேறு, நமக்குத் தெரியாமல் எடுக்கப்படுவது வேறு.

இன்ஷூரன்ஸ் கூடுமா என்று கேட்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிக இன்ஷூரன்ஸில் கரர் இருப்பதால் கூடாது என்றும், கூட்டுறவு முறையிலானது கூடும் என்றும் முடிவு சொன்னது. விவரம் வேண்டுவோர் நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்கத்துக்கு அஞ்சி ஒரு காலமும் இன்ஷூரன்ஸ் பக்கம் போகாதவர் கணக்கிலிருந்தும் அவருக்குத் தெரியாமல் வருடா வருடம் பிரீமியம் போய்க்கொண்டிருந்தால், அவர் மனம் என்ன பாடுபடும்? அப்படி ஒரு பெரியவர் நம் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார். தொகை இருபது ரூபாய்தான். அவர் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை.

சரி, என்ன செய்வது? முதலில் பேங்க் மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். "இந்தத் தேதியில் இவ்வளவு பிடித்திருக்கிறீர்கள், என் சம்மதம் எங்கே, கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகலைக் கொடுங்கள், இனிமேல் பிடிக்க வேண்டாம், பிடித்ததைத் திருப்பிப் போடுங்கள்" என்று நான்கு வரி போதும். இன்னொரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

உயிர் இன்ஷூரன்ஸ் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். வீட்டுப் பாலிசியை எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். ஓராண்டு பாலிசியாக இருந்து க்ளெய்ம் எதுவும் இல்லை என்றால் மீதி நாளுக்கான பணம் திரும்ப வர வேண்டும். இது 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட விதி.

பேங்க் 30 நாளில் பதில் சொல்லவில்லை அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தொலைபேசி 14448. இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதான புகாருக்கு 155255, 'பீமா பரோசா' இணையதளத்திலும் பதியலாம். அதற்கும் மேலே இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். நாம் புதுச்சேரி மாநிலம் ஆயிற்றே, எங்கே போவது என்று குழம்ப வேண்டாம். காரைக்கால் சென்னை ஆம்புட்ஸ்மேனின் எல்லைக்குள் வருகிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம்.

நாம் சொன்ன அந்தச் சகோதரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். கடைசி வருடப் பணம் ஆறு வாரத்தில் கணக்குக்குத் திரும்பியது. முந்தைய இரண்டு வருடத்துக்கு இன்னும் பதில் இல்லை, விண்ணப்ப நகலும் காட்டவில்லை. விடப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் பழைய இன்ஷூரன்ஸ் பணம் வந்திருக்கிறது, ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிலிருந்து பேசுகிறோம், சின்ன கட்டணம் கட்டுங்கள்" என்று போன் வரும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. யாருக்கும் போன் செய்து பணம் கொடுப்பதும் இல்லை, பாலிசி விற்பதும் இல்லை. வைத்துவிடுங்கள்.

பிரான்ஸில் உறவுகள் இருப்பவர்கள் இதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அங்கே வாடகை வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயம், அதை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் வீடு மாறிய பின்பும் பழையது ஓடிக்கொண்டிருக்கலாம். 2014ஆம் ஆண்டு அமோன் சட்டப்படி ஒரு வருடம் முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 'எஸ்ஃபாம்' என்ற நிறுவனம் செல்போன் இன்ஷூரன்ஸ் என்று மாதாமாதம் பலர் கணக்கில் பிடித்து, 2024 ஏப்ரலில் மூடப்பட்டது செய்தியாக வந்ததே. அனுமதி இல்லாமல் பிடித்த பணத்தை 13 மாதத்துக்குள் பேங்கிடம் திரும்பக் கேட்கலாம். சிங்கப்பூரில் ஹெச்.டி.பி. கடன் இருக்கும்வரை தீ இன்ஷூரன்ஸ் கட்டாயம், அது கட்டடத்துக்கு மட்டும். அங்கே இருக்கும் மக்களுக்கு இது பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

ஞாயிறு தோறும் அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் இரண்டு இளைஞர்கள் உட்காருவார்கள். பாஸ்புக்கில் இன்றுவரை என்ட்ரி போட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டுக் கடன் இருந்தால் சாங்ஷன் லெட்டரையும் எடுத்து வாருங்கள். ஏ.டி.எம். பின் நம்பர், ஓ.டி.பி. எதையும் எங்களிடமும் சொல்ல வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதித் தருவோம். பேங்குக்குக் கூட வரவும் ஆள் இருக்கிறது.