மடக்கு மேசையும் எரேமியாவின் கடிதமும்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம். தியானப் பகுதி: எரேமியா 29:1-14)



சில மாதங்களுக்கு முன், நான் பணியாற்றும் பங்கில் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் ஒரு சகோதரர் என்னைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துச் சென்றார். மென்பொருள் துறையில் நல்ல வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வாடகை வீடு. சாப்பிட உட்கார்ந்தபோது மேசை ஆடியது, குழம்புக் கிண்ணம் சரிந்தது. அந்தச் சகோதரி வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க ஃபாதர், இது மடக்கு மேசை. கிரீன் கார்டு வந்ததும் நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம்."

"எத்தனை வருஷமாம்மா?" என்று கேட்டேன்.

"பதினோரு வருஷம் ஃபாதர்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் மூத்த மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வயது 19. அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இந்த வரிசை எப்படி இயங்குகிறது என்பதை ஊரில் உள்ள பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990-ஆம் ஆண்டின் சட்டப்படி, வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்தான். வேலை செய்பவர் மட்டுமல்ல, அவருடைய மனைவியும் பிள்ளைகளும்கூட அந்த எண்ணிக்கைக்குள்தான் வருகிறார்கள். அதிலும், பொதுவாக எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் கிடைக்காது.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். நூறு இலை போட்டிருக்கிறார்கள். எந்த ஊருக்கும் ஏழு இலைக்கு மேல் கிடையாது என்கிறார்கள். பத்து வீடு உள்ள சிற்றூருக்கும் ஏழு, பத்தாயிரம் வீடு உள்ள பேரூருக்கும் ஏழு. சிற்றூர்க்காரர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார். பேரூர்க்காரர் வாசலில் நின்றுகொண்டே இருப்பார். இந்தியாவில் பிறந்தவர்கள் இன்று அந்த வாசலில்தான் நிற்கிறார்கள்.

மாதந்தோறும் வெளியுறவுத் துறை ஒரு பட்டியல் வெளியிடுகிறது. எந்தத் தேதிவரை பதிவு செய்தவர்களின் முறை வந்திருக்கிறது என்று அதில் இருக்கும். தேதி சில மாதம் ஒரு வாரம் நகரும். சில மாதம் நகராது. சில சமயம் பின்னோக்கியும் போகும். இதற்கிடையில் பிள்ளைகள் வளர்கிறார்கள். 21 வயது நிறைந்த பிள்ளையைப் பெற்றோரின் விண்ணப்பத்தில் சேர்க்க முடியாது. வயதைக் கணக்கிடும்போது சில நாள்களைக் கழித்துக்கொள்ள 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உதவுகிறது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு வரிசைக்கு அந்தக் கழிவு பலருக்குப் போதுவதில்லை. மூன்று வயதில் இங்கே வந்து, இங்கேயே படித்து, இங்கேயே புதுநன்மை வாங்கிய அந்த மகள் சிரிக்காததற்குக் காரணம் இதுதான். அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுதான் இருந்தது.

அன்பார்ந்தவர்களே, இன்றைய இறைவார்த்தைக்கு வருவோம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு ஒரு கூட்டம் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டது. நாம் விரும்பி வந்தவர்கள், அவர்கள் இழுத்துச் செல்லப்பட்டவர்கள். அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனால் அவர்கள் மனத்தில் இருந்த கேள்வி நம் மனத்திலும் இருக்கிறது: இது எப்போது முடியும்?

அந்தக் கேள்விக்கு அனனியா என்ற ஒருவர் பதில் சொன்னார். இரண்டே ஆண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்றார். மக்களுக்கு அது இனித்தது. அதைக் கேட்ட எரேமியா முதலில் சொன்ன சொல் எது தெரியுமா? ஆமென். அப்படியே நடக்கட்டும் என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அது கடவுள் சொன்னதல்ல என்று கண்டபோது, பாபிலோனில் இருந்தவர்களுக்கு உண்மையை எழுதி அனுப்பினார். 70 ஆண்டு ஆகும் என்று எழுதினார்.

நம்முடைய அனனியாக்கள் இப்போது வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். "அடுத்த மாதம் ரெண்டு வருஷம் தேதி நகருதாம்", "புதுச் சட்டம் வரப்போகுதாம்" என்று இரவு பதினோரு மணிக்கு ஒரு செய்தி வரும். அன்று தூக்கம் போகும். மறுமாதம் மனம் உடையும். செய்தி அறிவது தவறில்லை. நம் மகிழ்ச்சியின் சாவியை அந்தச் செய்தியிடம் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து.

பலர் வீட்டுக் குளிர்பெட்டியில் எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டவர் நமக்கென்று வைத்திருக்கும் வளமான எதிர்காலத்தைப் பற்றிய வசனம். நல்லது. ஆனால் அதற்கு முந்தைய, 10-ஆம் வசனத்தை யாரும் ஒட்டுவதில்லை. அந்த 70 ஆண்டுக் கணக்கு அங்கேதான் இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் திரும்பிப் போகும் நாளைக் காணமாட்டார்கள் என்பது அதன் பொருள். அவர்களிடம்தான் ஆண்டவர் சொல்கிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலனுக்காக உழையுங்கள், அதற்காக மன்றாடுங்கள் என்று.

கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காத்திருக்கும் காலமும் நமக்குக் கொடுக்கப்பட்ட வாழ்நாள்தான். "கார்டு வந்த பிறகு" என்ற மூன்று சொற்கள் மெல்ல மெல்ல நம் வாழ்நாளைத் தின்றுவிடும். கார்டு வந்த பிறகு மேசை வாங்கலாம். கார்டு வந்த பிறகு இரண்டாவது குழந்தை. கார்டு வந்த பிறகு அண்ணனோடு சமாதானம் பேசலாம். கார்டு வந்த பிறகு அன்பியக் கூட்டத்துக்குப் போகலாம்.

இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. நானும் அந்த வரிசையில் இருப்பவன்தான். இங்கே பணியாற்ற வரும் குருக்களுக்கும் கன்னியருக்கும் கொடுக்கப்படும் விசாவில் தொடர்ந்து 5 ஆண்டுக்கு மேல் தங்க முடியாது. எங்களுக்குரிய கிரீன் கார்டு வரிசையோ, 2023-இல் கணக்கிடும் முறை மாறிய பிறகு மிகவும் நீண்டுவிட்டது. அந்த நாள்களில், அருகிலிருந்த சிறைக்கு வாரம் ஒருமுறை போய்க் கைதிகளைச் சந்திக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார்கள். "என் விசா விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும்" என்றேன். அப்படியே ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. என் காகிதம் வரவில்லை. ஆனால் அந்த ஒன்றரை ஆண்டில் யாராவது வருவார்களா என்று பார்த்திருந்த கைதிகள் இருந்திருப்பார்கள். ஒப்புரவு அருளடையாளத்தில் இதைச் சொல்லி அழுதேன். இப்போது செவ்வாய்தோறும் போகிறேன்.

புனித பிரான்செஸ்கா கபிரினியை நினைத்துப் பாருங்கள். இத்தாலியிலிருந்து ஆறு அருள்சகோதரிகளோடு 1889-இல் நியூயார்க் வந்து இறங்கினார். ஏற்பாடுகள் சரியாக இல்லை, திரும்பிப் போய்விடுங்கள் என்று பேராயரே சொன்னார். திருத்தந்தை அனுப்பி வந்திருக்கிறேன் என்று சொல்லி அங்கேயே தங்கினார். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றது 1909-இல். நம்மைப் போல அவர் எண் வரிசையில் நிற்கவில்லை, அந்தக் காலத்துச் சட்டம் வேறு. ஆனால் அந்த 20 ஆண்டும் அவர் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுக்காரிதான். அதற்குள்ளேயே ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள், அனாதை இல்லங்கள், நியூயார்க்கிலும் சிகாகோவிலும் மருத்துவமனைகள் என்று நிறுவிவிட்டார். அமெரிக்கக் குடிமக்களில் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவர் இந்த அம்மையார்தான். இங்கே நவம்பர் 13 அவருடைய திருநாள். குடியேறிகளின் பாதுகாவலி அவர். அவரிடம் மன்றாடுங்கள்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாமா? கூடாது. ஆண்டவர் இயேசு சொன்ன உவமையில் அந்தக் கைம்பெண் நடுவரின் வாசலை விடவேயில்லை. நாமும் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வழக்கறிஞரைக் கேட்காமல் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள். பலருக்கு முன்கூட்டியே பயண அனுமதி வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும். வழக்கமான காலத்தைவிட மிகவும் தாமதமானால், உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் சொல்லி விசாரிக்கச் செய்யலாம். பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். பல மறைமாவட்டங்களில் கத்தோலிக்க அறப்பணி அமைப்புகள் குறைந்த கட்டணத்தில் சட்ட உதவி செய்கின்றன. அதற்கென்றே அமெரிக்க ஆயர்கள் 1988-இல் ஒரு வலையமைப்பை உருவாக்கியிருக்கிறார்கள்.

ஊரில் உள்ள பெற்றோருக்கும் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். போனில் பேசும்போது "இன்னும் கார்டு வரலையா? பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்துருச்சே" என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை திறமையில் குறைந்தவன் என்பதால் தாமதமாகவில்லை. "சாப்பிட்டியாப்பா" என்று கேளுங்கள். அது போதும்.

எல்லாக் காத்திருப்பும் நல்லபடியாக முடிகிறது என்று நான் சொல்லமாட்டேன். நம் பங்கில் ஒரு சகோதரி இருக்கிறார். கிரீன் கார்டு வைத்திருப்பவர் தம் பெற்றோருக்கு விண்ணப்பிக்க முடியாது, குடியுரிமை பெற்றவரால்தான் முடியும். கார்டு வாங்கி, பொதுவாகத் தேவைப்படும் 5 ஆண்டு காத்து, விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வு ஒருமுறை தள்ளிப்போய், கடைசியில் உறுதிமொழி எடுக்கும் நாள் வந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு ஊரில் அவருடைய அம்மா இறந்துபோனார். உறுதிமொழி எடுத்துவிட்டு, அவர்கள் கொடுத்த சிறு கொடியோடு நேராகக் கோவிலுக்கு வந்தார். "அம்மாவைக் கூட்டிட்டு வரத்தான் ஃபாதர் இதை வாங்கினேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. இருவரும் நற்கருணைப் பேழைக்கு முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அழ வேண்டிய நேரத்தில் அழுவதும் செபம்தான். எரேமியாவும் அழுதவர்தான்.

ஆனால் அந்தச் சகோதரியிடம் ஒரு நிம்மதி இருந்தது. காத்திருந்த ஆண்டுகளில் ஒரு நாள்கூட அம்மாவோடு பேசாமல் தூங்கியதில்லை என்றார். விசா முத்திரைக்குப் பயந்துகொண்டேயானாலும் இரண்டு முறை ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டு வந்திருந்தார். அந்த அன்பை அவர் தள்ளிப்போடவில்லை.

போன மாதம் அந்த மடக்கு மேசை வீட்டுக்காரர் மறுபடியும் என்னை அழைத்தார். கூடத்தில் பெரிய மரமேசை ஒன்று போட்டிருந்தார்கள். சன்னலோரம் தொட்டியில் மல்லிகை. குளிர்காலத்தில் உள்ளே வைத்துக் காப்பாற்ற வேண்டுமாம். கார்டு வரவில்லை. மகள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி அந்த மேசையில் உட்கார்ந்து நான்கு பேரும் வெளிப்படையாகப் பேசினார்கள். இத்தனை ஆண்டு அப்பா அம்மா மனம் நோகக் கூடாது என்று அடக்கி வைத்திருந்த பயத்தை, அந்தப் பிள்ளை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேசையையும் வீட்டையும் மந்திரித்துவிட்டு வந்தேன்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். "கார்டு வந்த பிறகு" என்று நீங்கள் தள்ளி வைத்திருக்கும் ஒன்றை எடுத்து, அதை இப்போதே தொடங்குங்கள்.

செபிப்போம். எகிப்தில் அந்நியராக வாழ்ந்த திருக்குடும்பத்தின் ஆண்டவரே, காகிதத்துக்காகக் காத்திருக்கும் எம் குடும்பங்களை நினைவுகூரும். வயது கடந்துவிடுமோ என்று அஞ்சும் பிள்ளைகளுக்குத் துணிவைத் தாரும். முகம் பார்க்க ஏங்கும் முதிய பெற்றோருக்கு ஆறுதல் தாரும். எங்கள் விண்ணப்பங்களைக் கையாளும் அலுவலர்களுக்கு நேர்மையும் இரக்கமும் தாரும். நாங்கள் இருக்கும் இந்த நகரை ஆசீர்வதியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.