கல்லீரல் நோயும் இரத்தச் சர்க்கரையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நீரிழிவு என்றவுடன் யாவரும் கணையத்தையே குறை கூறுவர். கல்லீரலுக்கும் அதிற் பெரும் பங்குண்டு.

பிரெஞ்சு தேசத்துச் சாஸ்திர நிபுணர் கிளாட் பெர்னார்ட் என்பார், இனிப்பு உண்ணாத பிராணியின் கல்லீரலிலும் சர்க்கரை உண்டாவதை 1848-ம் ஆண்டிற் கண்டார். அதற்கு மூலமாகிய கிளைக்கோஜனை 1857-ல் பிரித்தெடுத்தார். கல்லீரல் நம் வீட்டுக் களஞ்சியம் போன்றது. உண்ட வேளையிற் சர்க்கரையைச் சேமித்து, உறங்கும் வேளையில் இரத்தத்திற்கு அளந்து கொடுக்கும். ஏறக்குறைய 100 கிராம் அதில் தங்கும். அக்களஞ்சியத்தின் கதவை மூடும் காவலாளியே இன்சுலின். கணையத்திற் சுரந்து அது முதலிற் கல்லீரலையே அடைகின்றது. ஏறத்தாழப் பாதி அங்கேயே செலவாகின்றது.

கல்லீரலிற் கொழுப்பு மிகுந்தால் அது இன்சுலினுக்குச் செவிசாயாது. இரவெல்லாம் சர்க்கரையை வெளிவிடும். அதனாற் காலைச் சோதனையிற் சர்க்கரை ஏறி நிற்கும். உடல் எடையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் இந்நிலை பெரிதும் திருந்தும்.

கல்லீரல் சுருங்கிக் கெட்டியானாலோ, குடலினின்று வரும் இரத்தத்தின் ஒரு பகுதி அதனுட் புகாது பக்கவழியே சென்றுவிடும். உண்டபின் சர்க்கரை மிக ஏறும். இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தும் தசைகள் அதற்கு இணங்கா. சேமிப்பு குன்றியமையால் பட்டினியிற் சர்க்கரை தாழவும் கூடும்.

ஆகவே காலைச் சோதனையை மட்டும் கண்டு மகிழலாகாது. மூன்று மாதச் சராசரி காட்டும் ஏ1சி சோதனையும், சிவப்பணுக்கள் விரைவில் அழியும் இந்நோயில், உள்ளதைக் குறைத்துக் காட்டக்கூடும். உண்டபின் சோதிப்பது அவசியம். நெடுநாள் நீரிழிவுடையவருக்குச் சர்க்கரை தானே குறைந்தால் நோய் தீர்ந்ததென்று எண்ணற்க. கல்லீரல் தளர்ந்ததன் குறியாகவும் அது இருக்கலாம். மருந்தின் அளவை வைத்தியரே மாற்றவேண்டும்.

தாய்மார்களே! கல்லீரல் சுருங்கிய பெரியவர்களை ஏகாதசி, சஷ்டி என்று உபவாசமிருக்க விடாதீர்கள். இரவு படுக்குமுன் சிறிது ஆகாரம் கொடுங்கள். தெய்வம் இதனைக் குற்றமாகக் கொள்ளாது. வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் கண்டால், கல்லீரல் மயக்கமென்று வாளாவிராமல் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். அது தாழ்ந்திருந்து, விழுங்கும் நினைவும் இருந்தால், சர்க்கரை நீர் கொடுங்கள். நினைவில்லையேல் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். எவ்வாறாயினும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வாலிபர்களே! வெறும் வயிற்றில் அருந்தும் மது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை ஆக்குவதையே தடுத்துவிடும். சுபகாரியங்களின் பெயரால் அதனை நம் இல்லங்களில் நுழையவிடலாகாது.