முதல் துவைப்பில் நிற்கும் சாயம்

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பின்னலாடைத் தொழிலில் பழகிய திருப்பூர் மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயமேற்றி வந்த துணியை அவர்கள் அப்படியே வெட்டுமேசைக்கு அனுப்புவதில்லை. ஒரு துண்டை எடுத்துத் துவைத்துப் பார்ப்பர். சாயம் இறங்குகிறதா, துணி சுருங்குகிறதா, தையல் கோணுகிறதா என மூன்றையும் சோதித்த பின்னரே சரக்கு பெட்டியில் ஏறும். கடல் கடந்து போன பிறகு குறை தெரிந்தால் திருத்த வழியில்லை என்பது அவர்கள் பட்டறிந்த பாடம்.

அதே இல்லங்களிலிருந்து இன்று பிள்ளைகளும் உயர்கல்விக்காகக் கடல் கடக்கிறார்கள். பெட்டியில் கம்பளி ஆடை, பொடி வகைகள், சான்றிதழ்கள் யாவும் அடுக்கப்படுகின்றன. ஆயினும் விமான நிலையத்தில் நிற்கும் தாயின் நெஞ்சில் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இல்லத்தில் ஏற்றிய அறம் அங்கே நிற்குமா? புலால் உண்ணாமையும் இரவு உண்ணாமையும் முதல் துவைப்பிலேயே வெளுத்துவிடுமா? இந்தக் கேள்விக்கு இரண்டு மாணவர்களின் வாழ்க்கை விடை தருகிறது. இருவரும் சமணர் அல்லர். ஆயினும் இருவர் கதையிலும் சமணக் குடும்பங்கள் கற்க வேண்டியது மிகுதி.

முதலாமவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. 1888ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது நிறையும் முன்னரே, சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விழைந்தார். தாயார் புத்லிபாய் தயங்கினார். அங்கே போகும் இளைஞர் புலாலும் மதுவும் பழகிவிடுவர் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அந்தத் தயக்கத்தைத் தீர்த்து வைத்தவர் பேசர்ஜி சுவாமி என்ற சமணத் துறவி. காந்தி குடும்பத்தைப் போலவே மோத் வணிகர் குலத்தில் பிறந்து பின்னர்ச் சமணத் துறவு பூண்டவர் அவர். மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று இளைஞரிடம் உறுதிமொழி பெற்றார். அதன் பின்னரே தாய் விடை கொடுத்தார். ஒரு சமண முனிவர் கட்டிக்கொடுத்த அந்த மூன்று முடிச்சோடுதான் அவர் 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார்.

நோன்பு உறுதியாக இருந்தது, நாவுதான் எழவில்லை. கப்பலில் பரிமாறப்படும் உணவில் எது புலால் கலவாதது என்று கேட்க அவருக்குக் கூச்சம். ஆங்கிலம் பேசவும் தயக்கம். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. ஆகவே வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் தம் அறைக்குள்ளேயே தின்று நாள்களைக் கழித்தார். இங்கிலாந்தில் கப்பலிலிருந்து இறங்கியபோது அணிந்திருந்தது வெள்ளை ஃபிளானல் உடை. செப்டம்பர் இறுதியில் அங்கே யாரும் வெள்ளை உடுத்துவதில்லை. பெட்டிகளோ முகவரிடம் இருந்தன, மறுநாள் ஞாயிறு. திங்கள்வரை அந்த வெள்ளை உடையோடேயே நாணி இருக்க நேர்ந்தது.

அடுத்த வாரங்கள் இன்னும் கடினமானவை. இரவில் தாயின் நினைவு வந்து கண்ணீர் பெருகும். உப்பும் காரமும் இல்லாது வேகவைத்த காய்கறி இறங்கவில்லை. தங்கியிருந்த வீட்டில் இன்னொரு துண்டு ரொட்டி கேட்கவும் வெட்கம். நண்பர் ஒருவர் அன்பினாலேயே புலால் உண்ணுமாறு நாள்தோறும் வாதிட்டார். வாதத்தில் அந்த இளைஞரால் வெல்ல முடியவில்லை. ஆனால் கொடுத்த சொல்லை மட்டும் விடவில்லை.

பசி அவரைத் தெருவில் இறக்கியது. சைவ உணவகம் எங்கேனும் உண்டா என்று தேடி நாளும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் அத்தகைய உணவகம் ஒன்று கண்ணில் பட்டது. இங்கிலாந்துக்கு வந்தபின் முதல்முறையாக அங்கேதான் வயிறார உண்டார். உள்ளே நுழையுமுன் வாயிலருகே விற்பனைக்கிருந்த ஹென்றி சால்ட் என்பாரின் சைவ உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கினார். அதைப் படித்து முடித்தபோது அவருக்குள் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. அதுவரை தாய்க்குக் கொடுத்த சொல்லுக்காக நோன்பு காத்தவர், அன்றுமுதல் தம் அறிவு ஒப்பிய அறமாக அதைக் கைக்கொண்டார். பின்னர் இலண்டன் சைவ உணவாளர் சங்கத்தில் சேர்ந்து அதன் செயற்குழுவிலும் இடம்பெற்றார். இலண்டனில் அவரைத் தனிமைப்படுத்திய நோன்பே, இலண்டனில் அவருக்கு நண்பர்களையும் தேடித் தந்தது.

இரண்டாமவரின் வாழ்க்கை திருப்பூருக்கு அண்மையிலேயே தொடங்கியது. 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்த சீனிவாச இராமானுசன் அவர். வளர்ந்தது கும்பகோணத்தில்; எழுத்தராகப் பணியாற்றியது சென்னைத் துறைமுகக் கழகத்தில். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி அவரது கணிதத் திறத்தைக் கடிதங்களால் அறிந்து அழைத்தார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு மாறு என்று முதலில் மறுத்த குடும்பம் பின்னர் இசைந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. குடுமியை நீக்கி, மேலைநாட்டு உடை பூண்டு, 1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார்.

அவரது முதல் வாரங்கள் காந்தியின் முதல் வாரங்களைவிட எளிதாகவே இருந்தன எனலாம். அவரை அழைத்துச்செல்ல நெவில் என்ற கணித அறிஞர் காருடன் காத்திருந்தார். சில நாள்களில் கேம்பிரிட்ஜில் நெவிலின் இல்லத்திலேயே தங்க இடம் கிடைத்தது. அவரும் அவர் மனைவியும் அன்போடு பேணினர். ஜூன் தொடக்கத்தில் டிரினிட்டி கல்லூரி விடுதி அறைக்குக் குடிபெயர்ந்தார். அறைக்கு வந்தபின் தனிமை தொடங்கியது. கல்லூரி உணவுக்கூடத்தில் அவர் உண்பதில்லை. புலால் தீண்டிய கலத்தில் சமைத்ததை ஏற்க மனம் வரவில்லை. தம் அறையிலேயே தாமே சமைத்து உண்டார். விதை நீக்கிய புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் அனுப்புமாறு ஊர் நண்பருக்கு எழுதினார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று இந்த அவையினர் நெஞ்சில் நிற்க வேண்டுவது. பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகாலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒருநாள் இராமானுசனின் அறைக்கு வந்தவர், இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். மேலங்கியை அணிந்து சால்வையும் போர்த்துத் தூங்குவதாகவும், அப்படியும் குளிர்வதாகவும் விடை வந்தது. மகாலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆங்கிலேயர் வழக்கப்படி அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரியவில்லை. மேல்விரிப்பின் மீதே இரவுதோறும் படுத்திருந்தார். எவராலும் எட்ட முடியாத எண்களின் மறைபொருளை எட்டியவர், கைக்கெட்டிய கம்பளியின் மேலேயே நடுங்கிக்கொண்டிருந்தார். வேண்டிய பொருள் அறையிலேயே இருந்தது. இப்படியா என்று கேட்கும் ஒரு சொல்லும், இப்படித்தான் என்று காட்டும் ஒரு கையும் அதுவரை இல்லாதிருந்தன.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. உடன் ஆய்ந்த லிட்டில்வுட் படைப்பணிக்குச் சென்றார். கம்பளி விரித்துக் காட்டிய மகாலனோபிஸ் 1915இல் இந்தியா திரும்பினார். காய்கறியும் பழமும் அரிதாயின. ஊரிலிருந்து வரும் கடிதங்களும் குறைந்தன. ஆய்வின் மும்முரத்தில் சமையலும் உறக்கமும் காலம் தவறின. 1917இல் நோய் கண்டது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெரும்பேறு கிடைத்தபோது அவர் நோயாளியாயிருந்தார். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் மறைந்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சைவ உணவே அவரை வீழ்த்தியது என்று சிலர் கூறுவர். அன்றைய மருத்துவர்கள் அவருக்குக் காசநோய் என்று கருதினர். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கக்கூடும் என்று பிற்கால மருத்துவ ஆய்வு ஒன்று கூறுகிறது. எதுவாயினும் குற்றம் நோன்பின்மேல் இல்லை. நோன்பைத் தனியொருவராகச் சுமந்ததே பெருந்துன்பம். அதே நாட்டில், அதே உணவு நெறியோடு, கால் நூற்றாண்டு முன்னரே வேறோர் இளைஞர் நலமாக வாழ்ந்து காட்டியிருந்தார். இருவரின் உறுதியிலும் வேறுபாடு இல்லை. ஒருவர் நடந்து தேடி, தம்மைப் போன்றோரைக் கண்டுகொண்டார். மற்றவரோ கதவை அடைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினார்.

இந்த உண்மையைக் கொங்கு நாட்டுச் சமணர் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே எழுதி வைத்தனர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தினர் என்பது கொங்கு நாட்டு மரபு. திருப்பூரிலிருந்து அவ்வூர் எட்டாத் தொலைவன்று. சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் கொண்ட விசயமங்கலமும் அருகிலேயே இருக்கிறது. மாணவன் பாடம் கேட்கும் முறையை வகுக்கும்போது அந்நூல் ஒரு கணக்குத் தருகிறது. ஆசிரியரிடம் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும். வெளிநாட்டில் வாழக் கற்பதற்கும் இதே கணக்குப் பொருந்தும். தாய் தந்தையர் இல்லத்தில் கற்பிப்பது கால் பங்கே. அடுத்த கால் பங்கு, கம்பளியை விரித்துக் காட்டும் மகாலனோபிஸ்களிடம் இருக்கிறது. தன் நெறியைப் பிறர்க்கு விளக்கிச் சொல்லும்போதுதான் எஞ்சிய பாதி தன்னுடையதாகிறது.

ஆகவே பிள்ளையை அனுப்பும் குடும்பம் நோன்பை மட்டும் கட்டிக்கொடுத்தால் போதாது. அதைக் காக்கும் வழியையும் உடன் கட்டிக்கொடுக்க வேண்டும். சில எடுத்துக்காட்டுகள். செப்டம்பர் இறுதியில் இலண்டன் சேரும் மாணவன், மாலை ஆறே முக்கால் அளவில் கதிரவன் மறைவதைக் காண்பான். அக்டோபர் இறுதி ஞாயிறன்று அந்நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் திருப்பப்படும். அதன்பின் ஐந்து மணிக்கு முன்னரே இருட்டும். டிசம்பரில் நான்கு மணிக்கே கதிரவன் அடைந்துவிடும். இரவு உண்ணாத பிள்ளை இதை அறியாது போனால், வகுப்பு முடிந்து வந்து பட்டினியோடு படுக்கும். அல்லது மனம் குன்றி நோன்பை விடும். அறிந்து போனால், நண்பகலுக்குப் பின் உண்ண ஒரு பொதி உணவை வகுப்புக்கே எடுத்துச் செல்லும். பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்வதுண்டு. மென்மையான இனிப்புகளில் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் ஆக்கிய ஜெலட்டின் சேர்வதுண்டு. பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் ஊரிலேயே வரவேண்டும். மகனாயினும் மகளாயினும் அரிசி களைந்து உலை வைக்கவும், பருப்பு வேகவைக்கவும் புறப்படுமுன் தெரிந்திருக்க வேண்டும்.

அனைத்தினும் மேலாக, கேட்கக் கூசாத நாவு வேண்டும். லெஸ்டர் நகரில் ஜைன மையம் இருக்கிறது. இலண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பாரில் ஓஷ்வால் மையம் இருக்கிறது. மொழியும் வழிபாட்டு முறையும் சற்று வேறாகலாம், கொல்லாமை ஒன்றே. எந்த நாட்டுக்குப் போனாலும், போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இத்தகைய ஓர் இடத்தின் வாயிலை மிதிப்பதைப் பிள்ளைகள் கடமையாகக் கொள்ளலாம். ஏற்கெனவே சென்று நிலைத்த மாணவர்கள், புதிதாக வருவோரின் அறைக்குச் சென்று, இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்பதை அறமாகக் கொள்ளலாம். உயிர்களுக்குத் தீங்கு செய்யாமை அகிம்சையின் ஒரு பாதி. ஓர் உயிர் வருந்துவதை அறிந்து அதன் அருகில் செல்வது மறுபாதி.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். இன்று கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் முகம் பார்த்துப் பேசலாம். அப்போது நோன்பு தவறவில்லையே என்று மட்டும் கேட்டால், பிள்ளை ஆமென்றோ இல்லையென்றோ சொல்லி முடித்துவிடும். தவறியிருந்தால் பொய்யும் சொல்லப் பழகும். இன்று யாரோடு உண்டாய் என்று கேட்டால், அதன் வாழ்க்கை முழுவதும் தெரியவரும்.

சாயம் நிற்பதும் இறங்குவதும் தண்ணீரைப் பொறுத்தது மட்டுமன்று என்பதைத் திருப்பூர் அறியும். சாயம் நூலுக்குள் ஊறிப் பிடித்திருக்க வேண்டும். மேலே பூசியது முதல் துவைப்பிலேயே போய்விடும். இல்லத்தில் ஏற்றிய அறம், அறிவால் ஊறி, நட்பால் பிடித்து நிற்குமாயின், எந்த நாட்டுத் தண்ணீரும் அதை வெளுக்கச் செய்யாது. கடல் கடக்கும் பிள்ளைகள் அனைவரும் கல்வியும் அறமும் குன்றாது மீள அருகன் அருள்க.

வாழ்க அறம்! வளர்க கல்வி!