சவரக் கத்தியும் சிக்கனக் கணக்கும்

(ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றால் கடன் தவணையைப் பற்றியோ பங்குத் தொகையைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று அவ்விரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் வீடுகளில் கண்ணாடிக்கு அருகே மாடத்தில் இருக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ஸேப்டி ரேஸர் என்று நாம் அழைக்கும் சவரக் கருவியும், அதற்குத் துணையான பிரஷும் சோப்புமே இன்றைய விஷயம். இது அற்ப விஷயம் என்று தோன்றலாம். ஆனால் இதில் பணக் கணக்கும் இருக்கிறது. உயிர்க் கணக்கும் இருக்கிறது.

எங்கள் தகப்பனாருக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள். வீட்டில் சவரம் செய்துகொள்வோர் நால்வர். ரேஸர் ஒன்று, பிரஷ் ஒன்று, பிளேடும் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை காலையில் தகப்பனார் முதலில் சவரம் செய்துகொள்வார். பிறகு வயது வரிசைப்படி நாங்கள். கடைசிப் பிள்ளையாகிய என் முறை வரும்போது பிளேடு மயிரை அறுப்பதைவிடப் பிடுங்குவதே அதிகமாக இருக்கும். ஒரு சமயம் மூத்த தமையனாருக்கு மோவாயில் சீழ்க் கொப்புளங்கள் கண்டன. சில வாரங்களுக்குள் நால்வருக்கும் அவ்வாறே ஆயிற்று. வைத்தியரிடம் போனோம். “வீட்டில் எத்தனை பிளேடு உபயோகிக்கிறீர்கள்?” என்று அவர் கேட்டார். “ஒன்றுதான், சிக்கனமாக இருக்கிறோம்” என்று தகப்பனார் சற்றுப் பெருமையுடன் சொன்னார். “இதனால் மிச்சமானது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?” என்றார் வைத்தியர். நான் அப்போதுதான் இந்த உத்தியோகத்தில் சேர்ந்திருந்தேன். பிறர் கணக்கைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது. அன்றிரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

ஒரு பிளேடு ஐந்து சவரத்திற்கு வரும் என்றும், ஒருவர் வாரம் ஒருமுறை சவரம் செய்துகொள்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து வாரத்தில் நால்வருக்கும் சேர்த்து 20 சவரம். பொதுப் பிளேடானால், ஒரே காலையில் நான்கு சவரம் தீர்ந்துவிடும். அடுத்த வாரம் முதல் ஆள் சவரம் செய்தவுடன் அதை எறிந்துவிடவேண்டும். இவ்வாறு ஐந்து வாரத்திற்கு நான்கு பிளேடு செலவாகும். நால்வரும் தனித்தனிப் பிளேடு வைத்துக்கொண்டால், ஒவ்வொருவர் பிளேடும் ஐந்து வாரம் வரும். அப்போதும் ஐந்து வாரத்திற்கு நான்கு பிளேடே செலவு. இரண்டு வழியிலும் பைசா வித்தியாசமில்லை. பின் எங்கள் வீட்டில் மிச்சமானதாகத் தோன்றியது எது? பிளேடைப் பகிர்ந்ததனால் ஒன்றும் மிச்சமாகவில்லை. தேய்ந்த பிளேடை எறியாமல் முகத்தைக் கீறிக்கொண்டதனால்தான் மிச்சமாயிற்று. அந்த மிச்சமும் வைத்தியச் செலவில் பன்மடங்காகக் கரைந்தது.

கருவி வந்த வரலாறு

ஆதியில் இருந்தது மடக்குக் கத்தி. அதைத் தோல்வாரில் தீட்டவும், காலா காலத்தில் சாணை பிடிக்கவும், நடுங்காத கையால் பிடிக்கவும் பழகியிருக்கவேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் பெரே என்ற கத்தித் தொழிலாளி, தச்சருடைய இழைப்புளியில் உளி சிறிதளவே வெளியே தெரிவதைக் கண்டு, அதேபோல் கத்தி சிறிதளவே வெளியே தெரியும்படி மரக் காப்பு ஒன்றைப் பொருத்தினார். 1880-இல் அமெரிக்காவில் காம்ப்ஃபே சகோதரர்கள் கைப்பிடியும் காப்பும் உடைய ரேஸருக்குப் பேடண்டு பெற்றார்கள். ஆயினும் அதன் கத்தியையும் அடிக்கடி தீட்டவேண்டியிருந்தது.

அந்தத் தொல்லையை நீக்கியவர் கிங் காம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர். இவர் புட்டிகளுக்குத் தகர மூடி செய்யும் ஒரு கம்பெனியின் விற்பனையாளராக ஊர் ஊராய்ச் சுற்றியவர். ஒருமுறை உபயோகித்து எறிந்துவிடும் பொருளுக்கு ஓயாத கிராக்கி உண்டு என்பதை அந்த மூடியிலிருந்தே அவர் கற்றுக்கொண்டார். 1895-இல் ஒரு காலை, மழுங்கிய கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, தீட்டவேண்டாத மெல்லிய தகட்டுக் கத்தியின் யோசனை அவருக்கு உதித்தது. எஃகு விஷயம் அறிந்தவர்கள் அவ்வளவு மெல்லிய தகட்டைப் பதப்படுத்திக் கூர்மையாக்க முடியாது என்றார்கள். வில்லியம் நிக்கர்ஸன் என்ற பொறியியல் வல்லுநர் பல வருஷம் உழைத்து அதற்கு இயந்திரம் செய்தார். 1903-இல் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. மறு வருஷமே ரேஸர் விற்பனை 90,000-க்கு மேல் ஏறியது. முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்க அரசாங்கம் தன் சிப்பாய்களுக்காகச் சுமார் 35 லட்சம் ரேஸர்கள் வாங்கிற்று. யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்கள் தாமே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

இந்த ஜில்லெட்டைப் பற்றிக் கூட்டுறவாளர்களாகிய நாம் அறியவேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. பிளேடு யோசனை தோன்றுவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1894-இல், ‘தி ஹியூமன் டிரிஃப்ட்’ என்ற நூலை அவர் வெளியிட்டார். வியாபாரப் போட்டியினால் பொருளும் உழைப்பும் வீணாகின்றன. ஜனங்களே பங்குதாரர்களாக உள்ள ஒரே ஸ்தாபனம் எல்லாப் பொருளையும் உற்பத்தி செய்யவேண்டும் என்பது அவர் வாதம். நயாகரா நீர்வீழ்ச்சியின் சக்தியால் இயங்கும் ஒரு மாநகரத்தையும் அவர் கற்பனை செய்திருந்தார். அந்த நகரம் எழவில்லை. பிளேடுதான் உலகெங்கும் பரவிற்று. பொதுவாக இருக்கவேண்டியது எது, தனியாக இருக்கவேண்டியது எது என்ற கேள்வியை அவர் வாழ்க்கை நம்முன் வைக்கிறது. வாங்குவது கூட்டாக இருக்கலாம். பிளேடு தனியாகவே இருக்கவேண்டும். இதற்குக் காரணத்தை இனிச் சொல்கிறேன்.

பொதுக் கருவியால் வரும் கேடு

சவரத்தில் ஏற்படும் காயம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருக்கும். ஆனால் கிருமிக்கு அந்த வாசல் போதும். 1842-இல் அமெரிக்காவில் கான்கார்டு என்ற ஊரில், எழுத்தாளர் தோரோவின் தமையனார் ஜான் என்பவர், கத்தியைத் தோல்வாரில் தீட்டும்போது விரலில் சிறிது வெட்டிக்கொண்டார். அந்தக் காயத்தின் வழியாக ரண ஜன்னி கண்டு, பத்தே நாளில் மாண்டார். அன்று அதற்குத் தடுப்பூசி இல்லை, இன்று உண்டு.

பிரஷ் ஒன்றும் செய்யாது என்றும் எண்ணவேண்டாம். அடைப்பான் நோயால் மாடு விழுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அதே அடைப்பான் சவரப் பிரஷின் வழியாக மனிதரைக் கொன்றிருக்கிறது. முதல் உலக யுத்த காலத்தில் நல்ல பிரஷ் மயிர் கிடைப்பது அரிதாயிற்று. சரியாகச் சுத்தி செய்யப்படாத குதிரை மயிரில் பிரஷ்கள் செய்து விற்கப்பட்டன. அம்மயிரில் ஒட்டியிருந்த அடைப்பான் வித்துக்கள், கத்தி பட்ட முகத்தின் வழியாக உடம்பில் நுழைந்தன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருநூறு பேருக்கு மேல் இவ்வாறு நோய் கண்டது, பலர் மாண்டனர். 1920-இல் இங்கிலாந்து, ஜப்பானிலிருந்து சவரப் பிரஷ்கள் இறக்குமதியாவதைத் தடுத்தது. இன்று விற்கும் நல்ல பிரஷ்களில் அந்தப் பயம் இல்லை. செயற்கை இழைப் பிரஷுக்கு அந்தச் சந்தேகமே வேண்டியதில்லை.

இன்றைக்குப் பெரிய பயம் இரத்தத்தின் மூலம் பரவும் வியாதிகளே. கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி, உலர்ந்த இரத்தத் துளியிலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. அதற்குத் தடுப்பூசி உண்டு. அதன் இனத்தைச் சேர்ந்ததல்லாவிட்டாலும் அவ்வாறே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமிக்குத் தடுப்பூசி இல்லை. இவை தொற்றியவர் பல வருஷம் வெளிக்குச் சௌக்கியமாகவே காணப்படலாம். ஆகையால் “என் சொந்தத் தம்பிதானே” என்று பிளேடை வாங்கிக்கொள்வதில் பாதுகாப்பு இல்லை. படிகாரக் கட்டியைத் தேய்த்தால் இரத்தம் நிற்கும். இந்தக் கிருமிகள் அதனால் சாகும் என்று நம்பக்கூடாது. அந்தக் கட்டியும் ஆளுக்கு ஒன்றாகவே இருக்கட்டும்.

சவரம் செய்யும் முறை

நல்ல சவரத்திற்கு வேண்டியது விலையுயர்ந்த கருவியன்று, பொறுமையே. உலர்ந்த மயிர் முரட்டுத்தனமானது. நீரை உறிஞ்சியபின் அது தளர்ந்து எளிதில் அறுபடும். ஆகையால் குளித்த உடனே சவரம் செய்வது உத்தமம். இல்லாவிடில் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் வைத்திருங்கள். மயிர் எஃகைவிட ஐம்பது பங்கு மென்மையானது. ஆயினும் அது வளைந்து சாய்வாகப் படும்போது பிளேடின் விளிம்பில் சில்லுப் பெயர்வதை, மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் பார்த்து அறிவித்தார்கள். பிளேடு கெடும் விதத்தை நாம் இதனால் அறிந்துகொள்ளலாம்.

அடுத்தது நுரை. சவர சோப்பில் சோடாக் காரத்தோடு பொட்டாஷ் காரமும் சேர்ந்திருக்கும். பொட்டாஷ் சேர்வதனால் நுரை குழைவாக இருந்து, நீரைப் பிடித்துவைத்து, சீக்கிரம் உலராமல் நிற்கிறது. குளிக்கும் சோப்பின் நுரை கத்தி வருமுன்பே உலர்ந்துவிடும். உங்கள் கிணற்று நீர் உப்பாக இருந்தால் நுரை திரிந்துபோகும். அப்படிப்பட்ட ஊர்களில் காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்த நீரையோ, பிடித்துவைத்த மழைநீரையோ ஒரு குவளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷை நனைத்து, உதறி, சோப்பின்மேல் அரை நிமிஷம் சுழற்றி, பிறகு முகத்தில் வட்டமாகத் தேயுங்கள். படுத்திருக்கும் மயிர் இதனால் எழுந்து நிற்கும்.

பிறகு ரேஸர். அதை முகத்தோடு சுமார் முப்பது டிகிரி சாய்வில் வைத்து, மயிர் வளரும் திசையில் சிறு சிறு இழுப்பாக இழுக்கவேண்டும். அழுத்தவே கூடாது, ரேஸரின் கனமே போதுமானது. அழுத்தத் தோன்றினால் பிளேடு தேய்ந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். மோவாய்க்குக் கீழும் தொண்டையிலும் மயிர் வேறு வேறு திசையில் வளர்ந்திருக்கும். விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். இன்னும் வழுவழுப்பு வேண்டுமானால், மறுபடி நுரை பூசிக் குறுக்காக ஒருமுறை இழுக்கலாம். முடிந்ததும் குளிர்ந்த நீரில் முகத்தைக் கழுவுங்கள். பிளேடைத் துணியால் துடைக்காமல் நீரில் அலசி உதறி வையுங்கள். பிரஷைக் காற்றுப் படும் இடத்தில் உலரவிடுங்கள்.

தேய்ந்த பிளேடைக் குப்பையில் எறிவது பெரும் பிழை. குப்பை எருக்குழிக்குப் போகும். எரு வயலுக்குப் போகும். வயலில் இறங்குவது வெறுங்கால். வைக்கோலோடு கூர்மையான இரும்பை விழுங்கிய மாட்டின் இரைப்பையைத் துளைத்து, அது இருதயம் வரை செல்வதும் உண்டு. ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் கீறல் ஒன்று செய்து, உண்டியலில் காசு போடுவதுபோல் அதில் போட்டு வாருங்கள்.

நாவிதரும் நாமும்

இவ்வளவு சொன்னதனால் சவரத் தொழிலாளரின் பிழைப்பைக் கெடுக்க வந்தேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அவரிடம் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் புதுப் பிளேடு கேளுங்கள். அதற்குரிய காசைக் கணக்குப் பாராமல் கொடுங்கள். நெல்லடிக்கும் காலத்தில் களத்தில் வந்து நின்று கூலி பெற்றவர்கள் அவர்களுடைய முன்னோர். இன்ன தெருவாருக்குச் சவரம் செய்யக்கூடாது என்று அவர்களைக் கட்டாயப்படுத்திய ஊர்களும் இருந்தன. அந்தக் குற்றம் அவர்களுடையதன்று; கட்டாயப்படுத்திய ஊராருடையது. பிளேடு தெரு பார்ப்பதில்லை. நோய்க் கிருமியும் தெரு பார்ப்பதில்லை. நாமும் பார்க்காதிருப்போமாக.

சங்கம் செய்யக்கூடியது

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கப் பண்டகசாலை பிளேடுகளை மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்குக் கொடுக்கலாம். சில்லறையில் வாங்குவதைவிட விலை குறையும். இருபுறமும் கூருள்ள சாதாரண பிளேடே வாங்குங்கள். பல கத்திகளை ஒன்றாக அடைத்து விற்கும் புதுமாதிரி ரேஸர்களின் தலை பன்மடங்கு விலையுள்ளது. விலை ஏறியதனால்தான் ஒன்றையே மாதக்கணக்காக வைத்திருக்கவும், வீட்டில் பகிர்ந்துகொள்ளவும் மனம் வருகிறது.

என் வீட்டில் இப்போது மாடத்தில் நான்கு ரேஸர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு நிற நூல் கட்டியிருக்கிறது. தகப்பனாருடையது சிவப்பு. வருஷக் கடைசியில் அவரே கணக்குப் பார்த்தார். பிளேடுச் செலவு சிறிது ஏறியிருந்தது. வைத்தியச் செலவுப் பத்தியில் ஒன்றும் இல்லை. “இந்தப் பற்று வரவு சரிதான்” என்று சொல்லிக் கணக்கை மூடினார்.

உங்கள் வீடுகளிலும் நாளைக் காலையிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.