வாடகைப் பணத்தில் வீட்டுக்கும் ஒரு பங்கு

(ஆண்டு விழாவில் உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



நம்மில் பலர் குழுக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாதம் பிறந்தால் வாடகை வருது. கடன் தவணை, பிள்ளைங்க பீஸ், மளிகைன்னு அன்றைக்கே தீர்ந்தும் போகுது. ஐப்பசி மழையில் தளம் ஒழுகும்போது கையில் காசு இருக்காது. அதனால் நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். வாடகை முழுசும் வருமானம் இல்லை. அதில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குச் சொந்தம்.

குழுவில் சேமிப்பைக் கட்டிய பிறகுதானே மற்ற செலவு பார்க்கிறோம்? அதே பழக்கம் இங்கேயும் வேணும். நூற்றுக்குப் பத்து ரூபாய் ஒதுக்குங்க. 5,000 ரூபாய் வாடகையில் மாதம் 500. வருஷத்துக்கு 6,000. ஐந்து வருஷத்தில் 30,000. அட்வான்ஸ் பணத்தை இதுக்குத் தொடாதீங்க. அது குடியிருக்கிறவங்க காலி பண்ணும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம்.

சரி, எந்த வேலையை முதலில் பார்ப்பது? நாம பெரும்பாலும் பெயின்ட்டைத்தான் பார்க்கிறோம். ஆனால் வீட்டைக் கெடுப்பது தண்ணீர், ஆளைக் கொல்வது கரண்ட். இந்த இரண்டும்தான் முதல்.

தளத்தில் இறங்கும் தண்ணீர் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். காரை பெயர்ந்து விழுவது அதனால்தான். மேலே கசிவை அடைக்காமல் கீழே பூசி வெள்ளையடித்தால் அடுத்த மழையில் பழையபடிதான். புரட்டாசியிலேயே மொட்டை மாடி ஏறிப் பாருங்க. மழைத்தண்ணி இறங்குற பைப்பில் அடைத்த சருகை எடுங்க. கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைச்சிருந்தா வேரோடு எடுத்து, விரிசலைப் பூசுங்க. இந்த வேலைக்குச் செலவு கொஞ்சம்தான்.

கரண்ட் விஷயத்தில் எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பாருங்க. கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்க. மாதத்துக்கு ஒருமுறை அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கக் குடியிருக்கிறவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க.

அடுத்தது, யார் செலவு என்ற சண்டை. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கு. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதன்படி நடக்கலாம். அதனால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதிப் பதிவு பண்ணுங்க. பழுது பார்க்கப் போவதானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுதித் தெரியப்படுத்தணும். வாடகை பாக்கி இருக்குன்னு தண்ணியை நிறுத்துவதும், கரண்டைப் பிடுங்குவதும் சட்டப்படி தப்பு.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நம்ம குழுக்களில் வீடு விட்டவங்களும் இருக்காங்க, வாடகைக்கு இருக்கிறவங்களும் இருக்காங்க. ஒரே பாயில் உட்கார்ந்து சந்தா கட்டுறோம். "அக்கா, மாடியில் ஒழுகுது"ன்னு ஒரு தங்கச்சி சொன்னால், அவள் குறை சொல்லலை, நம்ம சொத்தைக் காவல் காக்கிறாள். உடனே போய்ப் பாருங்க. அப்படிப்பட்ட வீட்டை விட்டுப் போக யாருக்கும் மனசு வராது. வீடு காலியாகக் கிடந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

அடுத்த மாத வாடகை வந்ததும், முதலில் அந்தப் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைங்க. குழுக் கணக்கு எழுதுற மாதிரியே ஒரு நோட்டில் அதையும் எழுதி வாங்க.